சனிக்கிழமைக்குள் ஒரு கூடாரம்

...ஒழுகறதுன்னா சொட்டுச் சொட்டா இல்ல ஸார், சல்லடை மாதிரி. மேல விழற மழை நேரா உள்ள வரது. நடுவுல துணின்னு ஒண்ணு இருக்கறதே மழைக்குத் தெரியலை. நீங்க அவாளுக்கு சைக்கிள் ஹெல்மெட் காட்டி முடிங்கோ, நான் நிக்கறேன்... ஆச்சா? போய்ட்டாளா? வாங்கலையா? வாங்கமாட்டா. கண்ணாடியில அவ்வளவு நேரம் பாத்துண்டபோதே எனக்குத் தெரிஞ்சுடுத்து. சரி, அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்கோ. இந்த மண்டி மொஹல்லாவுல ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடி, இந்த மூட்டையைத் தோள்ல போட்டுண்டு சந்து சந்தா நடந்து வரேன், ஒரு ஆட்டோக்காரன் பஸ் ஸ்டாண்டுக்கா அம்மான்னு கேக்கறான். புடவையும் மூட்டையுமா பாத்தா ஊரை விட்டே கிளம்பிட்ட மாதிரிதானே இருக்கும்.

நான் யாருன்னு தெரியலை, இல்லையா? ஆழ்வார்னு ஒருத்தர். குள்ளமா, கொஞ்சம் தொப்பையோட, நெத்தியில ஒத்தைக் கோடு ஸ்ரீசூர்ணம், பச்சைச் சைக்கிள்ல வருவாரே. வாயே திறக்கமாட்டாரே. அவர்தான். நான் அவராத்துக்காரி, குமுதவல்லி. இந்த நீலக் கூடாரம் உங்ககிட்ட வாங்கினதுதான்... ஆமா, அந்த ஸார்தான். ஏன் சிரிக்கறேள்? இருங்கோ, நீங்க சொல்ல வந்ததை அப்புறம் சொல்லுங்கோ. நான் முதல்ல முடிச்சுடறேன். நடுவுல விட்டா எனக்குக் கோர்வை போய்டும். நீங்க கொள்ளேகால் பக்கம், தமிழ் வரும்னு அவர் சொல்லியிருக்கார். அது நல்லதாப் போச்சு. எனக்குக் கன்னடத்துல கோச்சுக்க வரும், ஆனா புகார் சொல்றதுக்குத் தமிழ்தான் தோதா இருக்கு.

காசு திருப்பிக் கேக்க வரலை, பயப்படாதேங்கோ. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சனிக்கிழமைக்குள்ள இது ஒழுகாம இருக்கணும். சனிக்கிழமை அவர் இதைக் கட்டிண்டு கிளம்பணும். இன்னிக்கு வியாழக்கிழமை. மீதி நான் சொல்றதெல்லாம் பேச்சுக்கு.

இதெல்லாம் எங்க பொண்ணு மானஸாவோட வேலை. அவ இருக்கறது புனேல. அப்பா ரிடையர் ஆனப்புறம் சோபாவோட சோபாவா ஆயிட்டார்னு ஃபோன்ல சொன்னேன். உடனே சைக்கிள் அனுப்பிட்டா. குக்கரஹள்ளிக் கெரை, அந்த ஏரியைச் சுத்தட்டும், உடம்புக்கு நல்லதுன்னு. கொஞ்ச நாள் சுத்தினார். கெரையைச் சுத்தற மனுஷன் கெரையோட நிப்பாரோன்னு பாத்தா, ஒரு நாள் சாயங்காலம் இந்த மூட்டையோட வந்து நிக்கறார். என்னன்னேன். கூடாரம்னார். எதுக்குன்னேன். படுத்துக்கன்னார். ஆத்துல கட்டில் இருக்கேன்னேன். நேரா மொட்டைமாடிக்குப் போய் விரிச்சுட்டார். அன்னிக்கு ராத்திரி அங்கேயே படுத்துண்டார். எதிராத்து பாக்கியலட்சுமி அவா மாடியிலேர்ந்து பாத்துட்டு, மறுநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'ஏதாவது சண்டையா, நான் வேணா பேசிப் பாக்கட்டுமா'ன்னா. சனிக்கிழமை ஆனா படுக்கையை சைக்கிள்ல கட்டிண்டு ஒரு மனுஷன் கிளம்பினா, தெருவுல நாலு பேர் நாலு விதமா நினைக்கத்தானே நினைப்பா?

கட்டறதுன்னேனே, அதையும் கேளுங்கோ. முதல் வாரம் மூட்டையை அப்படியே கேரியர்ல குறுக்க வெச்சுக் கட்டினார். இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். எங்க தெருமுனையில நின்னுண்டிருந்த ஆட்டோவோட கண்ணாடியைத் தட்டி விட்டுட்டுப் போய்ட்டார். அவருக்குத் தெரியவே இல்ல. அந்த ஆட்டோக்காரன் ஆத்துக்கு வந்தான். நான்தான் காபி குடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் செங்குத்தா நிக்க வெச்சுக் கட்டினார். பின்னாலேர்ந்து பாத்தா யாரோ போர்த்திண்டு அவர் பின்னாடி உக்காந்துண்டு போற மாதிரி இருந்தது. பாக்கியலட்சுமி ஓடி வந்து, 'ஸார் யாரைக் கூட்டிண்டு போறார்'னா. அவளுக்கும் பாவம், பொழுது போகணும்.

அப்புறம் நீங்கதான் சொல்லிக் குடுத்தேளாமே, மூட்டையா கட்டக்கூடாது, பிரிச்சுக் கட்டணும்னு. கம்பியெல்லாம் சைக்கிளோட நடுத்தண்டோட சேர்த்து. துணியைச் சுருட்டி முன்னாடி ஹேண்டில்ல. தரையில அடிக்கற முளையெல்லாம் சின்னப் பையில போட்டு சீட்டுக்கு அடியில. ஹேண்டில்ல கட்டற சுருள் தடியா இருந்தா லைட்டை மறைக்கும், பிரேக் வயர் மடங்கும். வார் நுனி தொங்கினா சக்கரத்துல மாட்டும். நனைஞ்ச துணியை மத்த சாமானோட வைக்கப்படாது, வெளியில கட்டணும். எனக்கு எப்படித் தெரியும்ங்கறேளா? வெள்ளிக்கிழமை சாயங்காலமானா ஹால் பூரா இந்த வித்தைதானே நடக்கறது. விளக்கேத்தி வெச்சுட்டுத் திரும்பறேன், கால்ல முளை குத்தறது. வார் இழுத்துப் பிடின்னுவார். பிடிப்பேன். விடுன்னுவார். விடுவேன். எங்களுக்குள்ள நடக்கற பேச்சுவார்த்தை அதான்.

அந்த முளை இருக்கே, அது ஒண்ணோட ஒண்ணு இடிச்சு கலகலன்னு மணிச் சத்தம். ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஏதோ ஒரு தெருவுல, குல்ஃபிக்காரர் வந்துட்டார்னு குழந்தைகள் எல்லாம் கிண்ணத்தோட ஓடி வந்துடுத்தாம். வேற யாராவதா இருந்தா இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருப்பா. இவருக்குத்தான் பேச வராதே. சைக்கிளை நிறுத்தி, பையில இருந்த ஆப்பிளை எல்லாம் நறுக்கி ஆளுக்கு ஒரு துண்டு கிண்ணத்துல போட்டுட்டு வந்திருக்கார். அப்புறம் முளையெல்லாம் என்னோட பழைய ரவிக்கைத் துணியில சுத்திண்டாச்சு. நல்ல மைசூர் பட்டு. கேக்கவே இல்ல. பீரோலேர்ந்து எடுத்து, கத்தரிச்சு, சுத்திண்டாச்சு.

கனம் வேற குறைக்கணுமாம். சமையல் உள்ளுல நான் வெச்சிண்டிருக்கற தராசை எடுத்துண்டு வந்து ஒவ்வொண்ணா நிறுத்துப் பாக்கறார். பல் தேய்க்கற பிரஷ்ஷைப் பாதியா அறுத்தாச்சு. சோப்பைப் பாதியா அறுத்தாச்சு. டவலைக்கூடக் கிழிச்சாச்சு. இவ்வளவும் குறைச்சேளே, தொப்பையை மட்டும் முழுசா எடுத்துண்டு போறேளேன்னேன். சிரிப்பு வந்தது அவருக்கு. ஆனா சிரிக்கலை. தராசைத் துடைச்சுக் குடுத்துட்டுப் போய்ட்டார்.

குடை ஒண்ணு எடுத்துக்கோங்கோன்னா மாட்டேங்கறார். கூடாரத்துக்குக் குடையான்னு கேக்கறார். நான் விடலை. கம்பியெல்லாம் நடுத்தண்டோட கட்டற சமயத்துல அந்தக் கட்டுக்குள்ள குடையையும் சொருகிட்டேன். கறுப்புக் குடை, கம்பியோட கம்பியா தெரியவே இல்ல. அந்தக் குடை பின்னாடி எங்க உதவித்துன்னு சொல்றேன், இருங்கோ.

என்ன சொல்றேள்? ஒரு நிமிஷமா? ஒரு நிமிஷம் எதுக்கு, நான் முடிச்சப்புறம் சாயங்காலம் வரைக்கும் பேசுங்கோ, நான் கேட்டுக்கறேன்.

அவர் போனா எனக்கென்னன்னு நினைக்கறேளா? எனக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா. சனிக்கிழமை ராத்திரி ஃபேனை அஞ்சுல வெச்சிண்டு தூங்குவேன். ரெண்டுக்கு மேல வெச்சா அவருக்குத் தோள் பிடிச்சுக்கறது. வெட்டவெளியில படுத்தா பிடிச்சுக்காதாம், ஃபேன் காத்து மட்டும்தான் பிடிச்சுக்குமாம். அன்னிக்கு ராத்திரி அடுப்பு கிடையாது. நானும் பாக்கியலட்சுமியும் தெருமுனைக்குப் போய் சுருமுரி, அதான் காரப்பொரி, வாங்கிண்டு வந்து, காரம் தாங்காம கண்ணுல ஜலம் வர வர சாப்பிடுவோம். வெங்காயத்தை நான் எடுத்து அவ பங்குல போட்டுடுவேன். எல்லாத்தையும் போடறேன்னு சத்தியம் பண்ணமாட்டேன். சனிக்கிழமையும் அதுவுமா. அதை விடுங்கோ.

ஆனா நான் அதுக்காக மட்டும் இங்க வரலை.

அவர் பேசறவர் இல்ல ஸார். கல்யாணமான புதுசுல, இவருக்கு என்னைப் பிடிக்கலையோன்னு பயந்துண்டிருந்தேன். அப்புறம் எங்க மாமியார் சொன்னா, 'என்கிட்டயும் பேசமாட்டான்'னு. அப்பதான் நிம்மதியாச்சு. ஆபீஸ் போயிண்டிருந்த நாள்லயாவது பஸ்ஸுல நடந்தது, கேன்டீன்ல நடந்ததுன்னு ரெண்டு வார்த்தை வரும். ரிடையர் ஆனதும் அதுவும் நின்னுபோச்சு. காபி நன்னாயிருக்கான்னா தலை ஆடறது. டிவியை நிறுத்தட்டுமான்னா தலை ஆடறது. எந்த ஆட்டம் ஆமா, எந்த ஆட்டம் இல்லைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வெச்சிண்டு வேற யார்கிட்டயும் அவரால குப்பை கொட்ட முடியாது.

இந்தச் சைக்கிள், கூடாரமெல்லாம் வந்தப்புறம் என்ன ஆச்சுன்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் திரும்பி வருவார். குளிப்பார். சாப்பிடுவார். சாப்பிட்டுட்டு ஹால் தரையில வெறும் உடம்போட மல்லாந்து படுத்துண்டு பேச ஆரம்பிப்பார். மேலுக்கோட்டை ஏத்தத்துல சைக்கிளைத் தள்ளிண்டே போனது. ஒரு கரும்புத் தோட்டக்காரர், கூடாரத்தைச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, இதுக்குள்ள கரண்ட் கனெக்ஷன் உண்டான்னு கேட்டது. விடியக்காலம் ஜிப்பைத் திறந்தா வாசல்ல ஒரு நாய் சுருண்டு படுத்துண்டிருந்தது. நாய் தனக்குக் காவலா, தான் நாய்க்குக் காவலான்னு திரும்பி வர வழியெல்லாம் யோசிச்சுண்டு வந்தாராம். இப்படி. கண்ணை மூடிண்டு, கையை மட்டும் காத்துல ஆட்டி ஆட்டிச் சொல்வார். எச்சில் தட்டு காஞ்சுபோய் அப்படியே கிடக்கும், நான் எழுந்துக்கமாட்டேன். எழுந்துண்டா நிறுத்திடுவாரோன்னு. நீங்க நம்பமாட்டேள், நான் குறுக்கப் பேசமாட்டேன் ஸார். ஒரு வார்த்தை பேசமாட்டேன். மத்த நாளெல்லாம் நான், ஞாயித்துக்கிழமை அவர். அப்படி ஒரு ஏற்பாடு தானா அமைஞ்சு போயிருந்தது.

அது இப்ப நின்னுபோச்சு. உங்க கூடாரத்தால.

குண்டலுபேட்டைப் பக்கம் ஜடையன்னு ஒருத்தர், செண்டுமல்லித் தோட்டம் வெச்சிருக்கார். எப்பவோ இவர் ஆபீஸுக்கு ஏதோ வேலையா வந்து பழக்கம். தோட்டத்து ஓரத்துல போட்டுக்கோங்கன்னு சொல்லியிருக்கார். கண்ணுக்கெட்டின தூரம் மஞ்சளா இருக்கும்னு இவர் அந்த வாரம் பூரா ஒரு ஆர்வம். போனார். போட்டார். படுத்தார். மழை வந்தது. மழை வந்தா என்ன, அதுக்குத்தானே கூடாரம்? போன வருஷம் இதே கூடாரத்துல மேலுக்கோட்டையில கொட்டற மழையில படுத்துண்டு, ஒரு பொட்டு ஈரம் இல்லைன்னு ஞாயித்துக்கிழமை எனக்குச் சொன்ன மனுஷன். இந்தத் தரம் உள்ள குளமாயிடுத்து. காலம்பற ஜடையன் வந்து எட்டிப் பாக்கறார், இவர் கூடாரத்துக்குள்ள கறுப்புக் குடையை விரிச்சுப் பிடிச்சுண்டு உக்காந்துண்டிருக்கார். ஜடையன்தான் சைக்கிளோட சேர்த்து ஒரு பூ லாரியில ஏத்தி அனுப்பினார். மைசூர் வந்து இறங்கறச்சே மனுஷன் மேல செண்டுமல்லி வாசனை, முகத்துல ஈ ஆடலை.

எப்படின்னேன். ஒழுகித்துன்னார். அப்புறம், 'நுரை வந்தது'ன்னார். நுரையான்னேன். மேலேர்ந்து விழுந்த தண்ணி நுரை நுரையா விழுந்ததுன்னு சொல்லிட்டு என் முகத்தைப் பாத்தார். எனக்கு ஒண்ணும் புரியலை. எப்பேர்ப்பட்ட துணியா இருந்தா நுரை வரும், அந்தக் கடைக்காரர் நன்னா ஏமாத்திட்டார்னு நான் உங்களைத் திட்ட ஆரம்பிச்சேன். கோச்சுக்காதேங்கோ, அன்னிக்கு எனக்கு உங்களைத் தெரியாது. அவரும் சேர்ந்துண்டார். 'ஆமா, துணி சரியில்ல'ன்னார். அதோட சரி. மூட்டையை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால வெச்சுட்டார். சைக்கிள் மேல ஒரு பழைய வேஷ்டியைப் போட்டு மூடிட்டார். சனிக்கிழமை வரது, போறது. இவர் மாடியில நாற்காலி போட்டுண்டு மேகத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் தரையில படுத்துப்பார், பழக்கதோஷத்துல. நானும் தட்டை எடுக்காம உக்காந்திருப்பேன். ஃபேன் சத்தம்தான் கேக்கும். அதுவும் ரெண்டுல.

நாங்க சரியா வெச்சுக்கலைன்னு மட்டும் நீங்க சொல்லிடப்படாது. அதைத்தான் முதல்லயே சொல்லணும்னு நினைச்சிண்டு வந்தேன். எங்காத்துல ஒரு சாமான் எப்படி இருக்கும் தெரியுமா? இவர் என்ன பண்ணுவார், அந்தக் கூடாரத்துக்குள்ளயே உக்காந்துண்டு தயிர்சாதம் சாப்பிடுவார். எறும்பு வரதுன்னு உள்ளயே வெச்சு சாப்பிடறது. எங்களுக்கு அது ஆகாது. சாதம் பட்ட எதுவும் பத்து. அலம்பாம உள்ள எடுக்கமாட்டோம், மத்த சாமானோட சேர்க்கமாட்டோம். உங்களவாத்துல அப்படி இருக்காது, எங்களுக்கு உண்டு. இவர் பாட்டுக்கு அந்தப் பத்துக் கூடாரத்தைச் சுருட்டிண்டு வந்து, பெருமாள் உள்ளுக்குப் பக்கத்துல இருக்கற அலமாரியில வெச்சா நான் எப்படி விட முடியும்? தயிர்சாதப் பருக்கை ஒண்ணு மூலையில காஞ்சு ஒட்டிண்டிருந்தது ஸார். என் கண்ணால பாத்தேன்.

அதனால அவர் ஒரு கல்யாணத்துக்கு பெங்களூர் போயிருந்தப்போ எடுத்து நன்னா தோய்ச்சேன். சும்மா தண்ணியில முக்கி எடுக்கறதெல்லாம் என்கிட்ட கிடையாது. பெரிய அண்டாவுல வெந்நீர் போட்டு, சோடாவும் சோப்புப் பவுடருமா கரைச்சு, ராத்திரி பூரா ஊற வெச்சேன். காலம்பற கல்லுல போட்டு நாலு கும்மு கும்மி, அப்புறம் பிரஷ்ஷால தையல் தையலா தேய்ச்சேன். எவ்வளவு அழுக்குங்கறேள்? உள்பக்கம் பாலாடை மாதிரி உரிஞ்சு உரிஞ்சு வந்தது. கையில எடுத்தா பிசுபிசுன்னு. இத்தனை நாள் இதுக்குள்ளயா மனுஷன் படுத்துண்டிருந்தார்னு ஆயிடுத்து எனக்கு. விடலை. கடைசிப் பாலாடை போற வரைக்கும் தேய்ச்சேன். தையல் மேல பிளாஸ்திரி மாதிரி நீள நீளமா எதையோ ஒட்டி அனுப்பியிருந்தேள். விலைச் சீட்டு ஒட்டின மாதிரி, பாக்க நன்னாவே இல்ல. அதையும் நகத்தால கிளப்பி ஒண்ணு விடாம உரிச்சு எடுத்துட்டேன். கம்பியில போட்டுக் காய வெச்சேன் பாருங்கோ, வெயில் அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் தெரியறது. அவ்வளவு சுத்தம். மடிப்பு மடிச்சு, அதே பையில போட்டு வெச்சேன். தோய்ச்சது அவருக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு பதவிசா வெச்சிண்டிருந்த கூடாரம் முதல் மழைக்கே...

என்ன ஸார்? ஏன் அப்படிப் பாக்கறேள்?

எதை உரிச்சேன்னா? சொன்னேனே, பிளாஸ்திரி... டேப்பா? தையல் ஓட்டை வழியா தண்ணி வராம இருக்கவா?

பாலாடை?

அதுதான் மழையைத் தடுக்கறதா?

கொஞ்சம் தண்ணி குடுங்கோ. இல்ல, பாட்டில் வேண்டாம், டம்ளர் இருந்தா போதும்... ம்.

யார் மேல தப்புன்னு இப்ப பேசிண்டிருந்தா பொழுதுதான் போகும். ஆனா ஒரு வார்த்தை, தோய்க்கப்படாதுன்னு ஒரே ஒரு வார்த்தை, கன்னடத்துலயாவது எழுதித் தெச்சு அனுப்பியிருக்கலாம் நீங்க... தெச்சிருக்கா? எங்க? அந்த வெள்ளைத் துண்டா? அதுல எழுத்து இருந்துதா என்ன? வெள்ளையாத்தானே இருக்கு. ஓஹோ. தேய்ச்ச தேய்ப்புல அதுவும் போயிருக்கும்.

சரி. இதுக்கு மருந்து உண்டா, அதைச் சொல்லுங்கோ. உண்டுன்னா போதும், மீதியை நான் பாத்துக்கறேன்... இந்த டப்பாவா? உள்பக்கம் பூரா பிரஷ்ஷால தடவணும். சரி. விரிச்சுக் காய வைக்கணும், மடிக்கப்படாது. சரி. தையலுக்குத் தனியா டேப்பு. மாடியில விரிச்சா சனிக்கிழமைக்குள்ள காஞ்சுடுமா? காஞ்சுடும். சரி, எல்லாத்தையும் கட்டிக் குடுங்கோ. ஒரு உபகாரம் பண்ணுங்கோ, அவர் கடைப் பக்கம் வந்தா நான் வந்தேன்னு சொல்லாதேங்கோ. எப்படித் தடவறதுன்னு இப்ப யோசிக்கணும். அவர் மாடியை விட்டுக் கீழ இறங்கினாத்தானே. பாக்கியலட்சுமியாத்து மாடியில விரிக்கலாம். ஆனா அவகிட்ட சொன்னா...

ஏன் டப்பாவை உள்ள வைக்கறேள்? வேண்டாமா? ஏன் வேண்டாம்?

யார் வந்தா?

திங்கக்கிழமையா? தினசரிப் பேப்பரைத் தவிர வேற எதுக்கும் அவர் திங்கக்கிழமை வெளியில போகலையே... ஆமா. பேப்பர் வாங்கிண்டு வர ரொம்ப நேரமாச்சு அன்னிக்கு. டப்பா, பிரஷ், டேப்பு எல்லாமா? எல்லாத்தையும் வாங்கிண்டு போய்ட்டாரா? இதை ஏன் ஸார் முதல்லயே... நீங்க சொல்லத்தான் பாத்தேள். ஆமா. நான்தான் விடலை.

என்னன்னு சொல்லி வாங்கினார்? அவர் வாயால சொன்னதை அப்படியே சொல்லுங்கோ. 'தோய்ச்ச கூடாரத்துக்கு என்ன தடவணும்'னு... அப்படியேவா கேட்டார்? யார் தோய்ச்சான்னு நீங்க கேக்கலையா? கேட்டேளா. அதுக்கு என்ன சொன்னார்?

'எங்காத்துல ரொம்ப சுத்தம்.' அவ்வளவுதானா. வேற ஒண்ணும் சொல்லலையா.

நுரைன்னு சொல்லிட்டு முகத்தைப் பாத்தார் ஸார். அது சோப்பு நுரைன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிண்டே என்னோட சேர்ந்து உங்களைத் திட்டினார். உங்களைத் திட்டினதுக்கு அவர் சார்புல நான் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கறேன். என் சார்புல முன்னாடியே கேட்டுட்டேன்னு நினைக்கறேன். கேக்கலைன்னா அதையும் சேர்த்துக்கோங்கோ.

இன்னிக்கு மத்தியானம் என்ன ஆச்சு தெரியுமா? சாப்பிட்டுக் கையலம்பிட்டு வந்து, 'தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வாயேன், கத்திரிக்காய் வந்திருக்கும். அவசரம் இல்ல, மெதுவா வா. அப்படியே ஸ்ரீரங்கப்பட்டணம் போய் உன் அத்தங்காளைப் பாத்துட்டுப் பொழுதோட வந்தா போதும்'னார். வியாழக்கிழமையில அவ்வளவு வார்த்தை. எனக்கே திக்குன்னு ஆயிடுத்து. கத்திரிக்காய் வாங்க ஒரு மத்தியானம் பூரா எதுக்கு, உம்முன்னு தனியா உக்காரணும்போலிருக்கு, உக்காரட்டும்னு நினைச்சேன். எனக்கும் இதான் சமயம். அவர் பாத்ரூம் போன நேரம் பாத்து மாடிக்குப் போய், தொட்டிக்குப் பின்னாலேர்ந்து இந்த மூட்டையை எடுத்து...

அவர் என்னை வெளியில அனுப்பினது, நான் இல்லாதப்போ மாடியில விரிச்சுத் தடவி வெக்கறதுக்கு.

சிரிங்கோ, சிரிங்கோ. நானா இருந்தா நானும் சிரிப்பேன்.

இந்த வாரை அந்தப் பக்கத்துலேர்ந்து இழுத்துப் பிடிங்கோ. ஸ்கூட்டர் சீட்டுல நீளவாட்டுல வெக்கணும், குறுக்க வெச்சா சந்துல போறச்சே யார் கண்ணாடியையாவது தட்டும். ம், விடுங்கோ. நுனியை மடிச்சு உள்ள சொருகிடுங்கோ, சக்கரத்துல மாட்டும்... ஃபோன் அடிக்கறது. என் பைலதான். இருங்கோ, அவரேதான். பேசாம நில்லுங்கோ.

ஹலோ... மார்க்கெட்லதான்... கூட்டம்தான்... எந்த மூட்டை?... தொட்டிக்குப் பின்னாடியா? அங்கயே நன்னாப் பாருங்கோ... மாடியில இந்த வெயில்ல என்ன பண்றேள்?... சும்மாவா? சரி.

ஒண்ணு கேக்கறேன். டப்பாவைத் திறந்துட்டேளா?

இல்ல, அந்த டப்பாவைத்தான் கேக்கறேன். திறந்திருந்தா மூடி வைங்கோ, காஞ்சுபோய்டும். கூடாரத்தை நான் எடுத்துண்டு வந்துண்டேயிருக்கேன்.